வீட்டிலிருந்தே தொடங்கும் பட்டப்படிப்பு: எங்கே சறுக்குகிறோம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளில் சிலருக்கு முதல் பருவம் இயங்கலையில் நடக்கிறது. பிறகுதான் வளாகத்துக்குக் கூப்பிடுவார்கள். விடுதிச் செலவு மிச்சம் என்று வீடே சந்தோஷப்படும். பெரிய தவறும் அங்கேயேதான் நடக்கிறது: பிள்ளை இன்னும் படிக்கப் போகவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம்.

என் தங்கை 2020-இல், கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தபோது சேர்ந்தாள். லயத்து வீட்டுக் கூடத்தில் தையல் மெஷின்மேல்தான் மடிக்கணினி. இருபது நிமிட குவிஸ் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டுலதானே இருக்கே, மழை வருது, துணிய எடுத்துப் போடும்மா" என்றார் அம்மா. ஓடிப்போய் எடுத்தாள், திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. குவிஸ் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மறுநாளே வகுப்பு நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். நீங்கள் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, நேரக் கணக்கு. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.க்யூ.ஏ.-வின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் சேர்த்தி. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி; ஐந்து பாடம் எடுத்தால் 600 மணி. அதை ஒரு பருவத்தின் பதினான்கு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 43 மணி. வீட்டில்தானே இருக்கிறோம் என்று கடை வேலைக்குத் தலையாட்டும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள். பதிவான விரிவுரையை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினால், இரண்டே வாரத்தில் மலையாகக் குவிந்துவிடும்.

சேரும் முன்னரே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. முழுக்கத் தொலைநிலையில் நடக்கும் படிப்பும், தொடக்கம் மட்டும் இயங்கலையில் நடக்கும் படிப்பும் வேறு வேறு. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் எம்.க்யூ.ஏ. பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரத்தில் உள்ள படிப்பின் பெயர் அப்படியே அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இயங்கலையில் எடுத்த கிரெடிட் முழுவதும் வளாகப் படிப்பில் சேருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு, அதன் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். அதையும் முன்கூட்டியே திறந்துவிடுவது நல்லது.

தோட்டத்தில் கைப்பேசி லைன் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தேர்வு நாளுக்கு வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். டவுனில் எந்த உறவினர் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

கடைசியாக, பல்கலைக்கழக மின்னஞ்சல். தங்கை வாட்ஸ்அப் குழுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதி விண்ணப்ப அறிவிப்பு மின்னஞ்சலில் வந்து பத்து நாள் கிடந்தது. அவள் திறந்து பார்த்தபோது கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் மிச்சம். அன்று இரவே உட்கார்ந்து விண்ணப்பித்தோம்.