கிராமரா, போர்டிங்கா? பெற்றோர் சறுக்கும் இடங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் லண்டனின் சட்டன், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இலெவன் பிளஸ் என்ற கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு தவிர வேறு பேச்சே இருக்காது. சென்ற ஆண்டுப் பெற்றோர் எங்கே சறுக்கினார்களோ, இந்த ஆண்டுப் பெற்றோரும் அதே இடத்தில் சறுக்குகிறார்கள். துபாயிலும் சென்னையிலும் இருந்தபடி இங்கிலாந்துப் பள்ளிகளை விசாரிப்பவர்களும் அப்படித்தான். மாதிரித் தேர்வு எழுதவைக்காமல் விடுவது, பிள்ளையைப் போட்டுப் பிழிவது, லீக் டேபிளை (பள்ளித் தரவரிசையை) மட்டும் பார்ப்பது, இதையெல்லாம் டியூஷன் வாசலில் நிற்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். அவை இங்கே வேண்டாம். பிள்ளையின் மதிப்பெண்ணைவிடப் பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள், கையில் என்ன விசா வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பல வீடுகளில் காரியத்தை முடிவு செய்கிறது. அதைக் கடைசியில் பார்ப்பதால் வரும் தவறுகள்தான் கீழே.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 163 அரசு கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவேற்கும் போர்டிங் (விடுதிப்) பள்ளிகள் பெரும்பாலும் தனியாருடையவை, கட்டணம் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீதம் வாட் வரியும் ஏறிவிட்டது. மிகப் பெயர்பெற்ற பள்ளிகளில் ஆண்டுக்கு 60,000 பவுண்டைத் தாண்டுகிறது.

"முதலில் கிராமர் எழுதட்டும், கிடைக்காவிட்டால் போர்டிங் பார்க்கலாம்"

நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நாட்காட்டி இதற்கு இடம் கொடுக்காது. கிராமர் சேர்க்கை பள்ளியின் ஏழாம் ஆண்டுக்கு (Year 7, பதினொரு வயது); தேர்வு ஆறாம் ஆண்டு செப்டம்பரில். பெரிய போர்டிங் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கை ஒன்பதாம் ஆண்டுக்கு. இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பள்ளிகளில் பலவும் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பெயர் பதிந்த பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டிலேயே கணினிவழி முன்தேர்வு வைத்துவிடுகின்றன. கென்ட் மாவட்டத்துக் கிராமர் தேர்வுக்கான பதிவும் ஐந்தாம் ஆண்டு ஜூனில் திறந்து ஜூலைத் தொடக்கத்தில் மூடிவிடும். ஆக, இரண்டு வழிக்கும் உண்மையான கடைசித் தேதி ஐந்தாம் ஆண்டின் ஜூன் மாதம். அக்டோபரில் கிராமர் முடிவு வந்த பிறகு போர்டிங்கைத் தேடத் தொடங்கினால், இடம் நிரம்பாத பள்ளிகள்தான் அன்போடு பதில் எழுதும்.

தேறிவிட்டால் இடம் உறுதி என்று நினைப்பது

தேறுவது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. வடமேற்கு லண்டனின் ஹாரோ பகுதியில் இருந்துகொண்டு கென்ட் தேர்வில் தேறலாம். கென்ட் பள்ளிகள் பலவும் அடுத்ததாகப் பார்ப்பது தூரத்தை. கிங்ஸ்டனில் டிஃபின் பள்ளிகளுக்கு முன்னுரிமை அஞ்சல் குறியீடுகள் உண்டு. கென்ட்டின் டன்பிரிட்ஜில் ஜட் பள்ளி உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரித்து இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை விதி அறிக்கையிலும் இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் யாருக்கு முதலில் தருவார்கள் என்று ஒரு பகுதி இருக்கும். டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியது அந்த ஒரு பக்கத்தை.

பொது விண்ணப்பப் படிவம் அக்டோபர் 31-க்குள் போக வேண்டும். அது பள்ளி இருக்கும் ஊரின் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அமைப்புக்கு)ப் போவதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் கவுன்சிலுக்கு. லண்டனில் ஆறு பள்ளிகள் எழுதலாம். நீங்கள் எழுதிய வரிசை பள்ளிக்குத் தெரியாது. அதனால் "முதலில் போட்டால்தான் மதிப்பார்கள்" என்று பயந்து, பிடித்த பள்ளியைக் கீழே தள்ளிவிட்டுக் கிடைக்கக்கூடிய பள்ளியை மேலே எழுதுவது வெறும் நஷ்டம். மார்ச் 1 அன்று, தகுதி பெற்ற பள்ளிகளில் எது உங்கள் பட்டியலில் மேலே இருக்கிறதோ அந்த ஒன்றுதான் வரும்.

சைல்ட் ஸ்டூடண்ட் விசாவில் கிராமர்

கிடையாது. படிப்புக்கென்றே பிள்ளைக்கு வாங்கும் அந்த விசாவில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி மட்டுமே.

"பாஸ்போர்ட்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன?"

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவருக்கான குறைந்த கட்டணம்தான் என்று நம்புவது ஆண்டு தவறாமல் நடக்கும் தவறு. இதைவிட விலை அதிகமான தவறு வேறு இல்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் எரிச்சல்.

வழக்கமான கதை இப்படிப் போகும். லண்டனில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை, குடியுரிமை, பிறகு நல்ல சம்பளத்தில் துபாய். பையனுக்குப் பதின்மூன்று வயதானதும் இங்கிலாந்தில் போர்டிங். "சார், எங்க பையன் பிரிட்டிஷ் சிட்டிசன். அஞ்சு வருஷம் இங்கயே படிச்சிருக்கான். யுனிவர்சிட்டியில் எப்படி ஓவர்சீஸ் ஃபீஸ் போடுவாங்க?" போடுவார்கள். உள்நாட்டுக் கட்டணத்துக்கான விதியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விகள்:

படிப்பு தொடங்கும் நாளில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோ இருக்கிறதா? அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் வழக்கமாகக் குடியிருந்தது இந்த நாட்டிலா? அந்த மூன்று ஆண்டில் இங்கே இருந்ததற்கு முக்கியக் காரணம் முழுநேரப் படிப்பா?

முதல் இரண்டுக்கும் 'ஆம்', மூன்றாவதற்கு 'இல்லை' என்றால்தான் உள்நாட்டுக் கட்டணம். பாஸ்போர்ட் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். போர்டிங் பிள்ளை மாட்டிக்கொள்வது மூன்றாவதில். வீடு துபாயில், தாய் தகப்பன் துபாயில், விடுமுறைக்கும் துபாய். அப்படியானால் பிள்ளை இங்கே இருந்தது படிப்புக்காகத்தான் என்று பல்கலைக்கழகம் எழுதிவிடும். ஐந்து ஆண்டு கட்டிய போர்டிங் கட்டணம் ஒரு நாள் குடியிருப்பாகக்கூடக் கணக்கில் வராமல் போகலாம். அதே பையன் பெற்றோரோடு குரொய்டனில் இருந்து கிராமர் பள்ளிக்குப் பேருந்தில் போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பணமாகப் பார்ப்போம். 2025-26 கல்வியாண்டில் உள்நாட்டு மாணவருக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. அதே விகிதத்தில் ஐந்தாண்டு மருத்துவத்துக்கு 47,675. வெளிநாட்டு மாணவர் என்றால் மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 40,000-க்கு மேல் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல. ஐந்தாண்டில் இரண்டு லட்சம் பவுண்டு தாண்டும், அரசின் மாணவர் கடனும் கிடைக்காது. பணம் இருந்தாலும் கதவு சின்னது. இங்கிலாந்து மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் இடங்களுக்கு 7.5 சதவீத வரம்பு இருக்கிறது. "எப்படியும் டாக்டராக்கிவிட வேண்டும்" என்றே போர்டிங்கில் சேர்க்கும் வீடுகள் இதைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும். போர்டிங் சேர்க்கை ஏஜெண்டுகளில் சிலர் மூன்று ஆண்டுக் குடியிருப்பு தானாக வந்துவிடும் என்றே சொல்லி விற்கிறார்கள். எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தர மாட்டார்கள்.

தப்பிக்க வழி இரண்டு. ஒன்று, குடும்பமே திரும்புவது. பல்கலைக்கழகம் பதின்மூன்றாம் ஆண்டு முடிந்ததும் தொடங்குவதால், அந்த மூன்று ஆண்டு பதினோராம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. செப்டம்பர் 1-க்கு முன்பே வந்து குடியேறியிருக்க வேண்டும். அக்டோபரில் வந்தால் தாமதம். இரண்டு, பெற்றோர் வெளிநாட்டில் இருந்தது தற்காலிக வேலைக்காக என்று காட்டுவது. கால வரம்பு எழுதிய வேலை ஒப்பந்தம், இங்கே விற்காமல் வைத்திருக்கும் வீடு, கவுன்சில் வரி ரசீது, ஆண்டுதோறும் வந்து தங்கியதற்கான பயணச் சான்று, இவற்றைப் போகும் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள். முடிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு "தற்காலிகம்" என்றால் எடுபடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கும். ஒன்று உள்நாடு என்று சொன்னதை இன்னொன்று ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கிராமர் பக்கமும் முழுக்கப் பத்திரம் என்று சொல்ல முடியாது. வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தாராளமாகப் படிக்கலாம், கிராமரும் எழுதலாம். ஆனால் ஏழு ஆண்டு கிராமரில் படித்தாலும், படிப்பு தொடங்கும் நாளில் நிரந்தரக் குடியிருப்பு கையில் இல்லையென்றால், நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கான தனிப்பிரிவில் பொருந்துகிறதா என்று தேட வேண்டிவரும். நிரந்தரக் குடியிருப்புக்கான 5 ஆண்டைப் பொதுவாக 10 ஆண்டாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு அறிவித்தது. பிள்ளை எந்த ஆண்டு பல்கலைக்கழகம் போகும், அந்தச் செப்டம்பரில் உங்கள் விசா எந்த நிலையில் இருக்கும் என்று இன்றே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மாமா வீட்டு முகவரி

பெற்றோர் வெளியே, பிள்ளை மட்டும் மாமா வீட்டில் இருந்து கிராமருக்குப் போகட்டும் என்ற யோசனை எல்லா வீட்டிலும் ஒருமுறை வரும். கவுன்சில்கள் பொதுவாகக் கேட்பது பெற்றோரோ சட்டப்பூர்வ பொறுப்பாளரோ குடியிருக்கும் முகவரியை. பொய் முகவரி என்று தெரிந்தால், கொடுத்த இடத்தையும் திரும்பப் பெறுவார்கள். உடன்பிறந்த மாமா, அத்தை, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவாக ஏற்கிறது. ஒன்றுவிட்ட அண்ணன், அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஆகியோர் அதில் வர மாட்டார்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை அவர்கள் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் தனியார் வளர்ப்பு என்று கவுன்சிலுக்கு அறிவித்தாக வேண்டும்.

அரசு போர்டிங் இருப்பதையே அறியாமல் இருப்பது

ரெடிங் பள்ளி, ஹை விகோம் ராயல் கிராமர், லங்காஸ்டர் ராயல் கிராமர், கென்ட்டில் கிரான்புரூக் போன்றவை தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள், விடுதியும் உண்டு. பாடத்துக்குக் கட்டணம் இல்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான். அதற்கு வாட் வரியும் இல்லை. பெயர்பெற்ற தனியார் போர்டிங்கில் பாதிகூட ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள வெளிநாட்டுவாழ் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. நுழைவுத் தேர்வோடு, பிள்ளை விடுதிக்கு ஒத்துவருமா என்று ஒரு நேர்காணலும் வைப்பார்கள். மேலே சொன்ன மூன்றாவது கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்காலர்ஷிப்

பல பள்ளிகளில் கௌரவமும் சிறு தள்ளுபடியும்தான். பெரிய தொகை வேண்டுமென்றால் வருமானம் பார்த்துத் தரும் பர்சரியைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பது

பெற்றோர் வந்து பார்க்கப் பள்ளி வைக்கும் திறந்த நாளில் எல்லா விடுதியும் கலகலவென்று இருக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பார்க்கக் கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் காரில் ஏறிப் போயிருப்பார்கள். மீதி எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், எத்தனை வார இறுதிகளில் விடுதியையே மூடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். பெற்றோர் வெளிநாட்டில் என்றால், மூடும் நாட்களுக்கும் அரைப்பருவ விடுமுறைக்கும் இங்கே ஒரு கார்டியன் (பெற்றோருக்குப் பதில் பொறுப்பேற்பவர்) கட்டாயம் வேண்டும். அந்தச் செலவு கட்டணப் பட்டியலில் இருக்காது.

அவசரப்பட்டு முன்பணம் கட்டுவது

ஏழாம் ஆண்டுக்கே சேர்க்கும் தனியார் பள்ளிகள் பலவும் பிப்ரவரியில் இடம் சொல்லிவிடும். ஏற்பதற்கான கடைசி நாள் மார்ச் 1-க்கு முன்னா பின்னா என்று பாருங்கள். முன்னால் என்றால் சில நாள் நீட்டிப்பு கேட்கலாம். கட்டிய பிறகு கிராமர் காத்திருப்புப் பட்டியல் மே மாதத்தில் நகர்ந்து இடம் வந்தால் முன்பணம் போகும். அதோடு முடியாது. ஒரு பருவம் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்காவிட்டால் ஒரு முழுப் பருவக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. செப்டம்பரில் சேரவேண்டிய பிள்ளைக்கு அந்த அறிவிப்பின் கடைசி நாள் பெரும்பாலும் ஏப்ரலில், கோடைப் பருவம் தொடங்கும்போதே முடிந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தேதியை மட்டுமாவது தேடிப் பிடித்து அடிக்கோடிடுங்கள்.