ட்ராக்கர் வெச்சு பிசிக்ஸ் நடத்துறது எப்படி

பந்த மேல தூக்கிப் போட்டு போன்ல வீடியோ எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமா பந்து எங்க இருக்குன்னு குறிச்சுட்டே போனா கிராஃப் தானா வந்துரும், அதுக்குத்தான் ட்ராக்கர்ங்குற சாஃப்ட்வேர், டக்ளஸ் பிரவுன் எழுதுனது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது.

சாஃப்ட்வேர் ஈஸி, சொதப்புறதெல்லாம் ஷூட்டிங்லதான். கேமரா ஆடக்கூடாது, ஸ்டாண்ட் கண்டிப்பா வேணும். நல்லா தள்ளி வெச்சு எடுங்க, வெளிச்சம் கம்மின்னா பந்து கோடு மாதிரி இழுத்துக்கும், எங்க கிளிக் பண்றதுன்னே தெரியாது. மீட்டர் ஸ்கேல் பந்து போற அதே தளத்துல இருக்கணும், பின்னாடி சுவத்துல ஒட்டி வெச்சீங்கன்னா ஸ்கேல் சின்னதா தெரியும், ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தோட மதிப்பு, 9.8-க்கு மேல எகிறும்.

வீடியோவ ஓப்பன் பண்ணி, கேலிப்ரேஷன் ஸ்டிக்க ஸ்கேல் மேல வெச்சு நீளம் டைப் பண்ணுங்க, ஆக்ஸிஸ் வைங்க, பாயின்ட் மாஸ் (பந்தக் குறிக்கிற புள்ளி) ஒண்ணு போட்டு ஷிப்ட்ட அமுக்கிட்டு பந்து மேல கிளிக் பண்ணிட்டே போங்க. ஆட்டோட்ராக்கர் இருக்கு, ஆனா முதல் தடவ பசங்க கையாலயே குறிக்கட்டும், அப்பதான் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மாறுறது கண்ணுல படும்.

ஸ்லோ மோஷன்ல எடுத்தா ஃப்ரேம் ரேட்ட செக் பண்ணுங்க. 240 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 240 ஃப்ரேம்) எடுத்தத சாஃப்ட்வேர் 30-ன்னு நெனச்சுக்கிச்சுன்னா நேரம் 8 மடங்கு நீளும், ஜி 64 மடங்கு கொறஞ்சு 0.15-ன்னு வந்து நிக்கும்.

இப்பதான் முக்கியமான வேலை: கிராஃப காட்டிடாதீங்க! திசைவேகம்-நேரம் கிராஃப் (மேல போனா ப்ளஸ், கீழ வந்தா மைனஸ்) எப்படி இருக்கும்னு மொதல்ல பேப்பர்ல வரையச் சொல்லுங்க. நெறைய பேரு வி ஷேப்ல வரைவாங்க, உச்சியில முடுக்கம் ஜீரோன்னு அடிச்சுச் சொல்வாங்க. அப்புறம் திரையில வர்றது ஒரே சாய்வுல நேர்கோடு, உச்சியில ஜீரோவ தாண்டும்போதும் சாய்வு மாறாது, கோட்ட ஃபிட் பண்ணா மைனஸ் 9.8 பக்கத்துல வரும். எவ்வளவு வாய்கிழிய விளக்குனாலும் இந்த அளவுக்கு மண்டையில ஏறாது.

முடுக்கம் கிராஃப் மட்டும் கன்னாபின்னான்னு செதறியிருக்கும், பயப்படாதீங்க, ரெண்டு தடவ டிஃபரன்ஷியேட் பண்றதால கிளிக் பண்ணதுல இருக்குற சின்னச் சின்ன பிழையெல்லாம் பெருசாயிடும். திசைவேக கிராஃப்போட சாய்வையே எடுத்துக்கங்க.

பசங்க செட் ஆனதும் ஒரு பேப்பர் கப்ப கீழ விட்டு எடுக்கச் சொல்லுங்க, புவியீர்ப்பு மட்டும் வெச்சு மாடல் போட்டு வீடியோ மேல ஓட்டுனா மாடல் முந்திட்டுப் போயிரும், காத்துத் தடைய எப்படிச் சேக்குறதுன்னு அவங்களே கேப்பாங்க.