ஜாக்கோமெட்டி வாழ்க்கை வரலாறு: கையெழுத்திட்ட முதல் பதிப்பை வாங்குமுன் சரிபார்ப்பது எப்படி?

சிற்பி அல்பெர்டோ ஜாக்கோமெட்டியின் வாழ்க்கையை ஜேம்ஸ் லார்ட் எழுதினார். 1985இல் நியூயார்க்கின் ஃபரார், ஸ்ட்ராஸ் அண்ட் ஜிரூ பதிப்பகம் அதை வெளியிட்டது. 'கையெழுத்துடன் முதல் பதிப்பு' என்று யாராவது விற்க வந்தால், புதிதாகச் சேகரிப்பவர்கள் நேராகக் கையெழுத்துப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். புத்தகம் முதல் அச்சாக இல்லாவிட்டால், அசல் கையெழுத்து இருந்தாலும் விலை பாதியில் நின்றுவிடும்.

1. ஆண்டுக் கணக்கு

ஜாக்கோமெட்டி 1966 ஜனவரியில் இறந்தார். ஆகவே இந்தப் புத்தகத்தில் அவர் கையெழுத்து இருக்கவே முடியாது; லார்டின் கையெழுத்துதான் இருக்கும். லார்ட் இறந்தது 2009. கையெழுத்தோடு தேதி எழுதியிருந்தால் 1985க்கும் 2009க்கும் இடையில் வருகிறதா என்று பாருங்கள். ரோஜர் பெர்தூ எழுதிய சிற்பி ஹென்றி மூரின் வாழ்க்கை வரலாற்றிலும் இதே கணக்குதான்: புத்தகம் 1987, மூர் இறந்தது 1986 ஆகஸ்ட்.

2. பதிப்பு விவரப் பக்கம்

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' அல்லது 'ஃபர்ஸ்ட் பிரிண்டிங்' என்ற வரியைத் தேடுங்கள். 'செகண்ட் பிரிண்டிங்' என்றிருந்தால் பேச்சு முடிந்தது. சில பதிப்பகங்கள் '1 2 3 4 5' போல எண் வரிசை போட்டு, ஒவ்வொரு மறு அச்சிலும் ஓர் எண்ணை நீக்கும். அதில் மிஞ்சியிருக்கும் சின்ன எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். ரேண்டம் ஹவுஸ் மட்டும் பல ஆண்டுகள் முதல் அச்சிலேயே வரிசையை 2இல் தொடங்கி, 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று எழுத்தில் போட்டது. எல்லாருக்கும் ஒரே விதி என்று நினைத்தால் நல்ல பிரதியைக் கைவிட்டுவிடுவீர்கள்.

புக் கிளப் பிரதிதான் (வாசகர் சங்க உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சிட்டது) பெரிய கண்ணி. சிலவற்றில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' வரிகூட அப்படியே இருக்கும். அட்டைமேல் போட்டிருக்கும் தாள் உறையின் உள்மடிப்பில் விலை இருக்காது, தாள் மெல்லியது, பின் அட்டையின் கீழ்மூலையில் சிறு குழிவான புள்ளியோ சதுரமோ அழுத்தியிருக்கும். சாய்வான வெளிச்சத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும்.

3. மேலுறை

உறை இல்லாத நவீன முதல் பதிப்புக்கு மதிப்பு வெகுவாகக் குறையும். அதனால் பிந்தைய அச்சின் உறையை முதல் அச்சுக்குப் போட்டு விற்பவர்களும் உண்டு. பின்புறம் இதே புத்தகத்துக்கு வந்த பத்திரிகை விமர்சனங்கள் அச்சாகியிருந்தால் சந்தேகப்படுங்கள்: முதல் உறை அச்சாகும்போது விமர்சனங்கள் பெரும்பாலும் வெளிவந்திருக்காது. அட்டை முனைகள் தேய்ந்து, உறை மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். மடிப்பின் விலை மூலை வெட்டப்பட்டிருந்தால் அது குறை, பேரம் பேசலாம்.

4. இப்போது கையெழுத்து

10 மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி போதும். கோடு சிறுசிறு புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது அச்சு. பால்பாயிண்ட் என்றால் தாளின் பின்பக்கம் லேசாக மேடு தட்டும். மைப்பேனா என்றால் மை தாளின் இழைகளில் கொஞ்சம் ஊறியிருக்கும். பேனா பிடித்த எந்திரம் போடும் கையெழுத்தில் கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமன், இரு முனைகளிலும் மைப்பொட்டு. வேறொரு பிரதியின் கையெழுத்து இதன்மேல் அச்சுப் பிசகாமல் பொருந்தினால் வாங்காதீர்கள். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி போடாது.

தனித் தாளில் கையெழுத்திட்டு ஒட்டியதற்கு விலை குறைவு. யாரோ ஒருவர் பெயருக்கு எழுதித் தந்ததற்கும் பெரும்பாலும் குறைவே. அந்த ஒருவர் ஜாக்கோமெட்டி வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்க முடிந்தால் கதை தலைகீழ். விற்பவரே அச்சடித்துத் தரும் 'நம்பகச் சான்றிதழ்' வெறும் காகிதம். அதைவிட, முன்பு வாங்கிய ரசீது ஒன்று உருப்படியானது.

பணம் அனுப்புமுன் இந்தப் படங்களைக் கேளுங்கள்: பதிப்பு விவரப் பக்கம், உறையின் இரு மடிப்புகள், உறை கழற்றிய பின் அட்டை, முதுகு, கையெழுத்தின் நெருக்கப் படம். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

5. வந்த பிறகு

உறைக்கு அமிலமற்ற பாலியெஸ்டர் தாள் மடித்துப் போடுங்கள். செல்லோ டேப் கூடவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளில் இறங்கும். லேமினேட் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் எதிரி: அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, 55 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்துருண்டையைப் புத்தகத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் வாடை தாளில் ஏறினால் லேசில் போகாது.