தமிழ் 99: விசைப்பலகையை விரலுக்குப் பழக்கும் வழி

தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்ய என்ன வழி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: தமிழ் 99 கற்றுக்கொள்ளுங்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்பதால் அன்று விடிந்ததுமே மனு எழுத ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு, குடிநீர்க் குழாய் என்று ஆளுக்கொரு குறை. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போக வேண்டும். 'கொஞ்சம் பொறுங்கள்' என்று நிறுத்தினால் அவர்களுக்குச் சொல்லவந்தது மறந்துபோகும். அந்தப் பேச்சுக்கு ஈடுகொடுத்து ஓடுகிற விசைமுறை எனக்குத் தெரிந்து இதுதான்.

பலரும் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில் பழகியிருக்கிறார்கள். செல்போனில் இரண்டு வரி அனுப்ப அது போதும். பக்கம் பக்கமாக அடிக்கிறவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரே எழுத்து. ஒன்றுக்கு ஷிப்ட், இன்னொன்றுக்கு வேறு ஏதாவது எழுத்து என்று ஒட்டுப்போட்டுத்தான் அங்கே சமாளிக்க வேண்டும். ல, ள, ழ கதையும் அதே. பட்டியல் காட்டிச் சொல்லைப் பொறுக்கச் சொல்லும் செயலிகளில் 'பள்ளி'யும் 'பல்லி'யும் அடுத்தடுத்து நிற்கும். அவசரத்தில் எதைத் தொட்டோம் என்று கவனிக்காவிட்டால், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்ட மனு பல்லிக்குச் சுவர் கேட்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை நடுவில் வைத்துக்கொண்டு தமிழ் எழுதுவது, எத்தனை பழகினாலும், ஒரு படி கூடுதல் வேலைதான்.

தமிழ் 99 உருவான வரலாறு சின்னது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி இது முடிவாகி, அதே ஆண்டில் தமிழக அரசு இதை ஏற்றுக்கொண்டது. பெயரிலுள்ள 99 அந்த ஆண்டுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கணக்கு. உயிர் பன்னிரண்டு, மெய்க்குரிய அகர எழுத்து பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக மொத்தம் 31. ஆங்கில விசைப்பலகையில் எழுத்து விசைகள் 26. வலப்பக்க ஓரத்தில் இருக்கும் குறியீட்டு விசைகளில் ஐந்தை எடுத்துக்கொண்டால் 31 சரியாக வந்துவிடுகிறது. கமாவும் முற்றுப்புள்ளியும் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன. 247 எழுத்துகளையும் ஷிப்ட் தொடாமல் அடித்துவிடலாம்.

முதலில் நிறுவுவது. விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் போதும். மாக் கணினியில் கீபோர்டு அமைப்பின் உள்ளே தமிழின் கீழ் இது இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு நிரல் வழியாக எம்17என் (m17n) தொகுப்பைச் சேர்த்தால் கிடைக்கும். விண்டோஸில் தனியாக நிறுவிக்கொள்ள எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருள்களும் உண்டு.

எதை நிறுவினாலும் உடனே ஒரு சோதனை செய்யுங்கள். க விசையை இரண்டு முறை தட்டுங்கள். திரையில் 'க்க' என்று வர வேண்டும். 'கக' என்று வந்தால் அந்த மென்பொருளில் விசைகளின் இடம் மட்டும்தான் இருக்கிறது, முறை இல்லை. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

இனி விரல்கள். விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரு விசைகளிலும் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் தங்கும் இடம். இடப்பக்க மேடு ஆய்தம். மெய்க்குப் பின்னால் தட்டினால் அதுவே புள்ளியாக மாறிவிடும். வலப்பக்க மேடு ப. தமிழில் ஓயாமல் தேவைப்படும் புள்ளியை, விரலை நகர்த்தவே வேண்டாத இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இடக்கை உயிருக்கு. நடு வரிசையில் சுண்டுவிரலிலிருந்து அ, இ, உ, பிறகு ஆய்தம், அதற்கு அடுத்து எ. குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில்: அ-வுக்கு மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-க்கு மேலே ஏ. ஊ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் ஐ. கீழ் வரிசையில் ஓரத்திலிருந்து ஔ, ஓ, ஒ.

வலக்கை மெய்க்கு. நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. மேல் வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ் வரிசையில் ல, ர. கமாவையும் முற்றுப்புள்ளியையும் தாண்டினால் ழ. வ, ங இரண்டு மட்டும் இடக்கை ஆள்காட்டி விரலின் கீழே போய்விட்டன.

மறுபடி ஒருமுறை அந்த வலக்கை வரிசையைப் பாருங்கள். ப-வுக்கு அடுத்து ம. த-வுக்கு அடுத்து ந. ற-வுக்கு அடுத்து ன. ட-வுக்கு அடுத்து ண. ச-வுக்கு அடுத்து ஞ. பள்ளியில் இன எழுத்துகள் என்று படித்தோமே, அவை ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. க-வும் ங-வும் மட்டும் குறுக்காக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. இதை வடிவமைத்தவர்களுக்கு இலக்கணம் கைவசம் இருந்திருக்கிறது.

அந்த ஜோடி எதற்கு? மெல்லினத்தைத் தட்டி அடுத்து அதன் வல்லினத்தைத் தட்டினால் புள்ளி தானாக விழும். ந, த என்று தட்டினால் 'ந்த'. ங, க என்றால் 'ங்க'. ன, ற என்றால் 'ன்ற'. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினாலும் அப்படியே: 'த்த', 'ப்ப', 'ல்ல'. 'தந்தை' என்று எழுத த, ந, த, ஐ என நான்கே தட்டு. எனக்கு அன்றாடம் வருகிற 'பஞ்சாயத்து' என்ற சொல்லில் இரண்டு புள்ளி இருக்கிறது. நான் புள்ளி விசையைத் தொடுவதே இல்லை. ப, ஞ, ச, ஆ, ய, த, த, உ. எட்டுத் தட்டில் முடிந்தது. இந்தத் தானியங்கிப் புள்ளி இல்லாத மென்பொருளை எடுத்துவிடச் சொன்னது இதனால்தான்.

தானாக விழும் புள்ளி சில இடங்களில் வேண்டாததாகிவிடும். என் தொழிலில் முதல் நாளே எதிர்ப்படும் சொல் 'மனுதாரர்'. ம, ன, உ, த, ஆ, ர, ர, புள்ளி என்று தட்டினால் 'மனுதார்ர்' என்று நிற்கும். இந்தப் பிழையை நீங்கள் அச்சிலேயே பார்த்திருப்பீர்கள்; எங்கே 'ர்ர்' என்று கண்டாலும் அடித்தவர் தமிழ் 99-இல் அடித்திருக்கிறார், இந்த ஒரு விதியை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். விதி எளிது. இரண்டு எழுத்துக்கும் நடுவில் அ விசையைத் தட்டுங்கள்: ம, ன, உ, த, ஆ, ர, அ, ர, புள்ளி. அ என்பது 'இங்கே அகரம் இருக்கிறது, புள்ளி வைக்காதே' என்று கணினிக்குச் சொல்வது. சகோதரர், கடைக்காரர், வாடகைதாரர் எல்லாம் இந்த வகை. 'தாமதத்தால்' என்பதில் ம-வை அடுத்து வரும் த-வுக்குப் பின் ஓர் அ தேவை. 'ஒப்பந்ததாரர்' என்பதில் இரண்டு இடத்தில் அ வர வேண்டும். இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சரியாக வருகிற வரை அடியுங்கள். இது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

பழகும் முறைக்கு வருகிறேன். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கடைக்குப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்: "அக்கா, ஸ்டிக்கர் இருந்தால் எளிதாக இருக்குமே?" எளிதாகத்தான் இருக்கும், கண் கீழேயே தங்கிவிடும், கை கடைசி வரை பழகாது. விசைப்பலகையின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். தடுமாறும்போது நிமிர்ந்து அதைப் பாருங்கள், குனியாதீர்கள். எந்த ஆங்கில எழுத்தில் எந்தத் தமிழ் எழுத்து என்று மனப்பாடம் செய்வதும் கூடாது. இந்த விரல், இந்த வரிசை என்று மட்டும் பழகுங்கள்.

தொடங்குவது நடு வரிசையில். அதை மட்டும் வைத்து எத்தனையோ சொற்கள் எழுதலாம்: தம்பி, பந்து, இந்த, கம்பி, பக்தி, இதயம், மயக்கம், பந்தயம். நான் முதலில் அடிக்கச் சொல்லும் வாக்கியம், 'அந்தக் கம்பி எந்தப் பக்கம்'. இதற்கு மேல் வரிசையும் வேண்டாம், கீழ் வரிசையும் வேண்டாம். தானியங்கிப் புள்ளி நான்கு இடத்தில் விழும், கையால் வைக்கும் புள்ளி மூன்று இடத்தில் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே புரிந்துவிடும். அது திரையைப் பார்த்தபடி தடையில்லாமல் வந்த பிறகு நெடில்கள், அதற்குப் பிறகு மேல் வரிசை, கடைசியாகக் கீழ் வரிசை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் நாள் விடக் கூடாது. வேகத்தைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

வரிசைகள் பழகியதும் நாளிதழ்த் தலையங்கத்தை எடுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடியுங்கள். வாயும் விரலும் ஒன்றாகப் போக வேண்டும். 'கொ' என்று சொல்லும்போது க, ஒ என்று விரல் போகும். பழைய தட்டச்சுப் பொறியில் போல ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டு, க-வைத் தட்டி, பிறகு துணைக்காலைப் போடும் வேலை இதில் இல்லை.

கிரந்த எழுத்துகள் இடக்கையின் மேல் வரிசையில் ஷிப்டோடு இருக்கின்றன: ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ என்று வரிசையாக, அதற்கு அடுத்து ஸ்ரீ. ஜமாபந்தி சமயத்தில் எனக்கு ஜ நிறையத் தேவைப்படும். வலக்கைச் சுண்டுவிரலால் ஷிப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஔகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. 'கௌரி' என்ற பெயரை க, ஔ என்று தட்டித்தான் தொடங்க வேண்டும். பலர் கெ என்று அடித்து அடுத்து ள என்ற எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். திரையிலும் தாளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒரு கோப்பில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் மறு விதமாகவும் இருந்தால், பெயரைப் போட்டுத் தேடும்போது ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. தன் பெயர் பட்டியலில் இல்லை என்று ஒரு பெண் அலைய நேர்வதற்கு இந்த ஒரு எழுத்து போதும். கௌரவம், சௌந்தரம், பௌர்ணமி என்று எது வந்தாலும் ஔ விசையையே தேடிப் போங்கள்.

இந்த விசைமுறையில் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ச-வைச் சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கிற தொலைவில் வைத்தது சரியில்லை. அடிக்கடி வருகிற எழுத்து அது. நெடுநேரம் அடித்தால் அந்த விரல்தான் முதலில் வலிக்கும். அதனால் விசைப்பலகை வாங்கும்போது வலப்பக்க ஓரத்தைக் கவனியுங்கள். சில சின்ன லேப்டாப்களில் அந்த ஓர விசைகளைக் குறுக்கி வைத்திருப்பார்கள். ச, ஞ, ய மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. தினமும் அடிக்கிறவர்கள் லேப்டாப்பிலும் முழு அளவு விசைப்பலகை ஒன்றைத் தனியாகச் செருகிக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியைப் பிரித்து, வலக்கைச் சுண்டுவிரலால் அந்த மூன்று விசைகளையும் தட்டிப் பார்த்து வாங்குங்கள். விலை கூடிய மெக்கானிக்கல் வகை இதற்குத் தேவையில்லை.

செல்போனிலும் இதே முறை இருக்கிறது. ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து உள்ளேயே உண்டு. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை நிறுவிக்கொள்ளலாம். கட்டைவிரலால் அடிப்பதால் விரல் வரிசைக்கு அங்கே பயனில்லை என்றாலும், தானியங்கிப் புள்ளி அங்கேயும் தட்டுகளைக் குறைக்கிறது. கணினியில் கை பழகிய பிறகு போனில் மாற்றினால் போதும்.

அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தட்டச்சு நிலையங்களில் சொல்லித் தருவது பழைய பொறியின் விசைமுறை. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலில் அதை முடியுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் இரண்டிலும் கை தடுமாறும். பல ஆண்டுகளாகப் பழைய முறையில் அடித்து அதிலேயே வேகம் வந்தவர்களை நான் மாறச் சொல்வதில்லை. என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் அதே விரல் பழக்கத்தோடு யூனிகோடில் அடிக்கலாம்.