எரிகல் மழை பார்க்கப் போகிறீர்களா?

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் மழை உச்சத்தில் இருக்கும். தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தில் ஒரு துண்டைத்தான் காட்டும். விளக்கு வெளிச்சம் கண்ணில் படாத இடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒரே ஒருமுறை கைபேசியைப் பார்த்தாலும் போச்சு, மறுபடி காத்திருக்க வேண்டும். வெளிச்சம் தேவையென்றால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்கு அப்புறம்தான் அதிகம் தெரியும். அந்நேரம் நாம் இருக்கும் பக்கம் பூமி ஓடும் திசையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஓடும் வண்டியின் முன்கண்ணாடியில்தானே மழைத்துளி அதிகம் அறைகிறது! வானத்தில் அந்த நீள ஒளிக்கோட்டைக் கிழிப்பது பெரும்பாலும் மணல் பருக்கை அளவுத் துணுக்குதான், ஃபேத்தன் என்ற சிறுகோள் விட்டுச்சென்றது. நிலா இருந்தால் ஒரு சுவரின் நிழலில் படுங்கள்.