மெய்நிகர் ஹெட்செட்டில் குமட்டலைத் தவிர்க்கத் திரைத் தாமதத்தைக் குறைக்கும் முறை

ஹெட்செட்டை அணிந்து தலையைத் திருப்பும்போது உட்செவி அந்த அசைவை உடனே உணர்ந்துவிடுகிறது. கண்முன் உள்ள காட்சி சற்றுப் பின்தங்கி நகர்ந்தால், இரு புலன்களும் தரும் செய்திகள் முரண்பட்டு, நெற்றி வியர்த்துக் குமட்டல் தொடங்குகிறது. தலை அசைந்த கணத்திலிருந்து அதற்கேற்ற ஒளி கண்ணை எட்டும் வரையிலான நேரம் 20 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

முதலில் ஃப்ரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் (ஃப்ரேம்கள்) வரையப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். விநாடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பிக்கும் 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 11 மில்லிவிநாடிதான். அது தவறினால், ஹெட்செட் பழைய படத்தையே தலையின் புதிய திசைக்கேற்பச் சற்று நகர்த்திக் காட்டிச் சமாளிக்கும். தலை திரும்புவதற்கு அது போதும்; உடல் நகர்வதற்குப் போதாது. இதை நீங்களே சோதிக்கலாம்: மெய்நிகர் அறையில் அருகிலிருக்கும் ஒரு தூணையோ மேசை விளிம்பையோ பார்த்தபடி உடலை இடவலமாக மெல்ல அசையுங்கள். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தாலோ துள்ளினாலோ ஃப்ரேம்கள் தவறுகின்றன என்று பொருள். கணினியில் மெய்நிகர் விளையாட்டுகளை இயக்கும் ஸ்டீம்விஆர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள ஃப்ரேம் நேர வரைபடத்திலும் இதைக் காணலாம். அப்படியானால் ரெசல்யூஷனையும் நிழல்களின் தரத்தையும் படிப்படியாகக் குறையுங்கள். தடுமாறும் 120 ஹெர்ட்ஸைவிட நிலையான 72 ஹெர்ட்ஸ் உடலுக்கு நல்லது என்பதே என் உறுதியான கருத்து. படத்தின் கூர்மை அதற்குப் பிறகுதான்.

கணினியிலிருந்து கம்பியில்லாமல் காட்சியை அனுப்புவோருக்குச் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகள் தனிச் சிக்கலைத் தருகின்றன. புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் ரவுட்டர், தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட வீட்டுப் புகலிடத்துக்குள் (அவசரகாலப் பாதுகாப்பு அறைக்குள்) வைக்கப்படுகிறது. படுக்கையறைக்கு வருவதற்குள் சமிக்ஞை நலிந்துவிடும். மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடு என எல்லாருடைய வைஃபையும் அதே அலைவரிசைகளில் நெருக்குகிறது. கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணையுங்கள். ஹெட்செட்டை 5 அல்லது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேர்த்து, விளையாடும் அறையிலேயே ரவுட்டர் இருக்கும்படி பாருங்கள். வைஃபையை மற்ற அறைகளுக்கும் நீட்டிக்கும் மெஷ் கருவி வைத்திருப்பவர்கள் அதையும் கம்பியால் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில்லாமல் தாவும் ஒவ்வொரு முறையும் தாமதம் கூடும். இவை இயலாவிட்டால் நல்ல யூஎஸ்பி கேபிளே மேல்.

நம் ஊர்ப் புழுக்கமும் கணக்கில் வரும். கணினியில்லாமல் தனித்தியங்கும் ஹெட்செட் சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மின்விசிறியையோ குளிர்சாதனத்தையோ போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த பின்னும், ஜாய்ஸ்டிக்கால் நகரும்போது மட்டும் குமட்டினால், காரணம் தாமதம் அல்ல. உடல் நிற்கையில் காட்சி நடப்பதுதான். விளையாட்டின் அமைப்புகளில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நகர்வைத் தேர்ந்தெடுங்கள். முதல் அறிகுறி தெரிந்தவுடன் ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் விளையாடினால், முழுதாகத் தெளியும்வரை மீண்டும் அணியவிடாதீர்கள்.