வண்டி போனா இன்ஷூரன்ஸ் வரும்ல?

நான் முதன்முதலில் எழுதிய திரைக்கதையில் ஒன்பதாவது சீனில் நாயகனின் ஆட்டோ களவு போகும். வடபழனி டீக்கடையில் நண்பரிடம் கதை சொன்னேன். வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "வண்டி போனா இன்ஷூரன்ஸ் வரும்ல?" என் இரண்டாம் பாதி அங்கேயே படுத்துவிட்டது.

அப்புறம்தான் விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை நோட்டும் பேனாவுமாகப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்தான்.

முதலில் ஒன்லைன், அதாவது ஓரிரு வரியில் கதை. போர் முடிந்த ரோமில் அன்டோனியோவுக்குக் கிடைத்த போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். முதல் நாளே அது திருடு போகிறது. சரி, இதில் யாருக்கு என்ன வலி? பொருள் தொலைவதற்கு முன்பே அதன் அருமை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'சைக்கிள்தான் என் உயிர்' என்று வசனம் வைத்துவிடாதீர்கள். அங்கே சைக்கிள் அடகில் கிடக்கிறது. மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி மூட்டை கட்டி, அதை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். கடை ஊழியர் மூட்டையோடு அலமாரியில் ஏறுகிறார், ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். உச்சி வரைக்கும் ஊரார் வீட்டு விரிப்புகள்!

அடுத்தது, நாயகன் சுலபமாகத் தப்பிக்கும் வழிகளை அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வழியையும் அடைக்க ஒரு சீன். போலீஸ் புகாரை வாங்கிக்கொண்டு 'நீயே தேடு' என்கிறது. சந்தையில் கழற்றிப்போட்ட சைக்கிள் பாகங்கள் குவிந்திருக்கின்றன. குறிகாரியிடம் போயும் பயனில்லை. திருடனே சிக்கியும் சாட்சி கிடையாது. மிஞ்சிய கடைசி அட்டை: அன்டோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருடுவது, அதுவும் மகன் கண்ணெதிரே மாட்டிக்கொள்வது. கிளைமாக்ஸுக்கென்று தனியாக ரூம் போட வேண்டியதில்லை.

இன்டர்வல் நம் ஊர்த் தலைவலி. ஆள் மலைபோல் நம்பியிருந்த வழி எது அடைபடுகிறதோ, அங்கே 'இடைவேளை' கார்டைப் போடுங்கள்.

என் ஆட்டோ கதைக்கும் அட்டை எழுதினேன். முதல் அட்டை இன்ஷூரன்ஸ். பாலிசி காலாவதி, புதுப்பிக்க வைத்திருந்த பணத்தில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிவிட்டான். களவு பதினான்காவது சீனுக்குத் தள்ளிப்போனது.

திரும்பவும் அதே டீக்கடை. கதை முடிந்ததும் நண்பர் கேட்டார்: "அந்த ஷூ அவளுக்குச் சரியா இருந்துச்சா?"